பாலியல் தொழிலும் சட்டமும்: தண்டனை யாருக்கு?

1958-ஆம் ஆண்டு மே முதல் நாள், பெண்களையும் சிறுமியரையும் விலைப்பொருளாக்கும் வாணிபத்தை ஒழிப்பதற்கான மத்தியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஹுஸ்னா பாய் என்ற 24 வயதுப் பெண் ஒரு மனுவைத் தாக்கல் செய்தார். இத்தொழிலே தம்முடைய பிழைப்பு என்றும், தம்மை நம்பியிருக்கும் குடும்பத்தினருக்கு வேறு ஆதரவு இல்லை என்றும் அவர் கூறினார். எத்தொழிலையும் மேற்கொள்ள அரசியல் சட்டம் குடிமக்களுக்கு வழங்கியுள்ள உரிமையைப் புதிய சட்டம் பறிக்கிறது என்பது அவருடைய வாதம். அவர்மீது அதுவரை எந்த நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை என்ற காரணத்தால் மனு தள்ளுபடி செய்யப்பட்டது. எனினும், சட்டத்தின் சில பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்ற கருத்தை நீதிபதி தம் தீர்ப்பில் வெளியிட்டார்.

அன்று எழுந்த வினா இன்றும் முடிவாகத் தீர்க்கப்படவில்லை. பாலியல் தொழிலில் ஈடுபட்டுள்ள வயது வந்த பெண்ணைச் சட்டம் எவ்வாறு கருத வேண்டும்? மீட்கப்பட வேண்டியவராகவா, தண்டிக்கப்பட வேண்டியவராகவா, அல்லது ஏனைய உழைப்பாளரைப் போல் பாதுகாப்புக்கு உரியவராகவா? தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தன் திட்டங்களுக்கு அடிப்படையாகக் கொண்ட மதிப்பீடுகளின்படி, நாட்டில் இத்தொழிலில் உள்ள பெண்கள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுடைய வாழ்வும் அவர்களுடைய குழந்தைகளின் எதிர்காலமும் இவ்வினாவின் விடையைப் பொறுத்தே அமைகின்றன.

சட்டம் வந்த வழி

இந்தியாவில் இத்தொழிலைப் பற்றிய முதல் சட்டங்கள் பெண்களின் நலன் கருதி இயற்றப்பட்டவை அல்ல. 1864-ஆம் ஆண்டின் கண்டோன்மென்ட் சட்டமும், 1868-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும் ஆங்கிலேயப் படைவீரர்களை மேக நோயிலிருந்து காக்க வந்தவை. பெண்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். ஆண்களுக்கு அத்தகைய கடமை ஏதும் விதிக்கப்படவில்லை. கடும் எதிர்ப்பின் விளைவாக 1868-ஆம் ஆண்டுச் சட்டம் 1888-இல் ரத்து செய்யப்பட்டது.

அதன்பின் மாகாணங்கள் தனித்தனியே சட்டம் இயற்றின. பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1923-இலும், சென்னை மாகாணத்தில் 1930-இலும் இத்தகைய சட்டங்கள் உருவாயின. அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் பெண்களின் விடுதலைக்காகக் குரல் கொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நீண்ட முயற்சியின் பயனாக, கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. கர்நாடகம் 1982-இலும், ஆந்திரப் பிரதேசம் 1988-இலும் இதே நோக்கத்துடன் சட்டம் இயற்றின.

1950-ஆம் ஆண்டு மே 9 அன்று நியூயார்க்கில், மனிதரை விற்பதையும் வாங்குவதையும் ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிட்டது. அதனை நிறைவேற்றும் பொருட்டே நாடாளுமன்றம் 1956-இல் மத்தியச் சட்டத்தை இயற்றியது. அதுவரை மாநிலங்களில் இருந்துவந்த இத்தகைய சட்டங்கள் இதன் 25-ஆம் பிரிவின்படி நீக்கப்பட்டன. 1978-இலும் 1986-இலும் சட்டம் திருத்தப்பட்டது. இரண்டாவது திருத்தத்தின்போது அதற்கு 'ஒழுக்கக்கேடான வாணிபத் தடுப்புச் சட்டம்' என்ற பெயர் சூட்டப்பட்டது. 'பெண்' என்று இருந்த இடங்கள் பலவற்றில் 'நபர்' என்ற சொல் இடம்பெற்றது. மக்கள் இதனை இன்றும் 'விபசாரத் தடைச் சட்டம்' என்றே அழைக்கின்றனர். ஆனால் அப்பெயர் குறிப்பதும் சட்டம் கூறுவதும் ஒன்றல்ல.

சட்டம் தடுப்பது எதை?

வயது வந்த ஒருவர் தனியிடத்தில், தம் விருப்பத்தின் பேரில், பணம் பெற்றுக்கொண்டு உடலுறவு கொள்வதை இச்சட்டம் குற்றமென்று கூறவில்லை. அதனைச் சூழ்ந்துள்ள செயல்களையே அது குற்றமாக்குகிறது. விபசார விடுதி நடத்துவது மூன்றாம் பிரிவின்படியும், ஒருவரை இத்தொழிலுக்குச் சேர்ப்பது ஐந்தாம் பிரிவின்படியும், அடைத்து வைப்பது ஆறாம் பிரிவின்படியும் தண்டனைக்குரியவை. தரகரையும் விடுதிக்காரரையும் தண்டிக்கும் இப்பிரிவுகள் தேவையானவை என்பதில் பெரும்பாலோருக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றின் வாசகம் பரந்து விரிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, இரண்டு பெண்கள் தங்கள் பாதுகாப்புக்காக ஒரே அறையை வாடகைக்கு எடுத்து, இருவரும் தங்கள் வருவாய்க்காக அதனைப் பயன்படுத்தினால், சட்டத்தின் வரையறைப்படி அதுவும் விபசார விடுதியே. அங்கே தரகரும் இல்லை, முதலாளியும் இல்லை. எனினும் அவர்கள் குற்றவாளிகள் ஆகலாம்.

நான்காம் பிரிவு இத்தொழிலின் வருவாயில் வாழ்வதைப் பற்றியது. 18 வயதுக்கு மேற்பட்ட எவரும் இவ்வருவாயில் வாழ்வதை அறிந்தே வாழ்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை பெறலாம். பெண்களின் வருவாயை உறிஞ்சும் தரகர்களைப் பிடிக்கவே இப்பிரிவு ஏற்பட்டது. ஆனால் அதன் வலையில் முதிய தாயும், கல்லூரியில் பயிலும் மகனும், வேலை தேடும் மகளும்கூட அகப்படலாம். உடன் வாழ்பவர்மீது குற்றத்துக்கு ஆதாரமான ஊகத்தை எழுப்பவும் இப்பிரிவு இடமளிக்கிறது. தன்மீது சுமத்தப்பட்ட ஐயத்தைத் தானே அகற்ற வேண்டிய நிலை அவருக்கு ஏற்படுகிறது.

பெண்ணே குற்றவாளி ஆகும் பிரிவுகள்

சட்டத்தின் வேறு மூன்று பிரிவுகள் நேரடியாக இத்தொழிலில் உள்ள பெண்மீதே பாய்கின்றன.

ஏழாம் பிரிவின்படி, வழிபாட்டிடம், கல்வி நிலையம், மாணவர் விடுதி, மருத்துவமனை முதலியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் இத்தொழில் நடத்துவது குற்றம். நெருக்கமான நகரங்களில் இந்த எல்லைக்குள் வராத தெரு எது என்று தேடிக் காண்பது அரிது.

எட்டாம் பிரிவு பொது இடத்தில் ஆள் அழைப்பதைப் பற்றியது. சொல்லால் மட்டுமன்றி, சைகையால் அழைப்பதும், பிறர் கண்ணில் படும்படி நிற்பதும்கூடக் குற்றமாகலாம். முதல் முறை குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 500 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறை ஓராண்டு வரை சிறை. இதே குற்றத்தை ஓர் ஆண் செய்தால் ஏழு நாளுக்குக் குறையாமலும் மூன்று மாதத்துக்கு மிகாமலும் சிறை என்று அப்பிரிவே கூறுகிறது. ஒரே செயலுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு அளவுகோல் என்பது இதன் பொருள்.

இதனினும் கடுமையானது 10-ஏ பிரிவு. ஏழாம், எட்டாம் பிரிவுகளின்படி குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்ற பெண்ணைச் சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாகச் சீர்திருத்த நிலையத்தில் வைக்க நீதிமன்றம் ஆணையிடலாம். அந்தக் காலம் இரண்டு ஆண்டுக்குக் குறையாமலும் ஐந்து ஆண்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். சிறை என்றால் சில மாதங்களில் முடிந்திருக்கும். சீர்திருத்தம் என்பதால் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. குற்றமே சாட்டப்படாமல் சோதனையின்போது 'மீட்கப்பட்ட' பெண்ணையும், பாதுகாப்புத் தேவை என்று மாஜிஸ்திரேட் கருதினால், 17-ஆம் பிரிவின்படி ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பாதுகாப்பு இல்லத்தில் வைக்கலாம்.

20-ஆம் பிரிவு மாஜிஸ்திரேட்டுக்கு மற்றோர் அதிகாரத்தை அளிக்கிறது. தம் எல்லைக்குள் வாழும் ஒரு பெண் இத்தொழிலில் இருப்பதாகத் தகவல் கிடைத்தால், பொதுமக்கள் நலன் கருதி அவரை அவ்விடத்தைவிட்டு வெளியேற்ற ஆணையிடலாம். கான்பூரில் பிறப்பிக்கப்பட்ட இத்தகைய அறிவிப்புகளை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கௌசல்யா வழக்கு என்று அறியப்படும் அதில், நியாயமான கட்டுப்பாடே இது எனக் கூறி உச்ச நீதிமன்றம் 20-ஆம் பிரிவைச் செல்லத்தக்கதாக உறுதி செய்தது. ஹுஸ்னா பாய் வழக்கில் எழுந்த ஐயம் இவ்வாறு சட்ட அளவில் முடிவுக்கு வந்தது. ஆயினும் நியாயத்தைப் பற்றிய ஐயம் முடிவுக்கு வரவில்லை.

இரு சொற்கள், இரு பொருள்கள்

விவாதத்தில் 'குற்ற நீக்கம்' என்பதும் 'சட்டபூர்வமாக்கல்' என்பதும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. இரண்டும் வேறு வேறு. சட்டபூர்வமாக்கல் என்பது உரிமம், பதிவு, குறிப்பிட்ட பகுதி, மருத்துவப் பரிசோதனை ஆகிய தனி விதிகளின் கீழ் தொழிலை அனுமதிப்பதாகும். விதிக்கு வெளியே நிற்பவர் குற்றவாளியாகவே தொடர்வார். ஜெர்மனி 2002-இல் இத்தொழிலை ஒப்பந்த உரிமையுள்ள தொழிலாக ஏற்று, 2017-இல் பதிவைக் கட்டாயமாக்கியது. 1868-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவேட்டை நினைவில் கொண்டோர் இம்முறையை ஐயத்தோடு நோக்குவது இயல்பே.

குற்ற நீக்கம் என்பது வயது வந்தோரின் விருப்பத் தொழிலுக்கென உள்ள தனித் தண்டனைப் பிரிவுகளை அகற்றி, ஏனைய தொழில்களுக்குரிய பொதுச் சட்டங்களின் கீழ் அதனைக் கொண்டுவருவதாகும். வற்புறுத்தல், கடத்தல், சிறாரை ஈடுபடுத்தல் ஆகியவை முன்போலவே கடுங்குற்றங்களாக நீடிக்கும். நியூசிலாந்து 2003-இல் 60-க்கு 59 என்ற ஒரே வாக்கு வேறுபாட்டில் இத்தகைய சட்டத்தை நிறைவேற்றியது. அங்கே 2014-இல், விடுதி நடத்துநர் ஒருவரின் பாலியல் தொல்லைக்கு எதிராக அங்குப் பணிபுரிந்த பெண் மனித உரிமைத் தீர்ப்பாயத்தை அணுகி இழப்பீடு பெற்றார். தொழில் குற்றமாக இருக்கும் நாட்டில் அப்பெண் புகார் கூறவே அஞ்சியிருப்பார்.

மூன்றாவது வழி ஸ்வீடன் 1999-இல் தொடங்கியது. விற்பவரைத் தண்டியாமல் வாங்குபவரை மட்டும் தண்டிப்பது இதன் தத்துவம். நார்வேயும் ஐஸ்லாந்தும் 2009-இலும், கனடா 2014-இலும், பிரான்ஸ் 2016-இலும் இவ்வழியைப் பின்பற்றின.

இம்மூன்று வழிகளும் பலவற்றில் மாறுபட்டாலும் ஒன்றைக் கவனிக்கலாம். குற்ற நீக்க முறையும் ஸ்வீடன் முறையும் ஒன்றையொன்று எதிர்ப்பவை. எனினும், விற்கும் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாகாது என்பதில் இரண்டும் உடன்படுகின்றன.

எதிர்ப்போர் கூறுவது

குற்ற நீக்கத்தை எதிர்ப்போரின் வாதங்களை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. வறுமை, சாதிக் கொடுமை, கடன், குடும்பத்தின் கைவிடல் ஆகியவை சூழ்ந்த ஒரு நாட்டில் 'விருப்பம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர்கள் கேட்கின்றனர். வேலை தருவதாக ஏமாற்றி நேபாளத்திலிருந்தும், வங்கதேசத்திலிருந்தும், உள்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்தும் அழைத்து வரப்படும் சிறுமியர், சில ஆண்டுகளில் 'வயது வந்தவர்' ஆகிவிடுகின்றனர். அவர்களுடைய இன்றைய சம்மதம் நேற்றைய கடத்தலின் மிச்சமே என்பது இவர்களின் கருத்து.

விடுதி நடத்துவதைக் குற்றமற்றதாக்கினால் காவல்துறைக்கு உள்ளே நுழையும் அதிகாரம் குறையும், கடத்தல்காரர்கள் தொழில் முனைவோராக வேடமிடுவர் என்றும் அவர்கள் அஞ்சுகின்றனர். 1950-ஆம் ஆண்டு உடன்படிக்கை, சம்மதம் இருந்தாலும் ஒருவரை இத்தொழிலில் சேர்ப்பதைத் தண்டிக்க வேண்டும் என்று கூறுவதையும் அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். மனிதரை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அவர்களுக்கு அரணாக நிற்கிறது.

ஆதரிப்போர் கூறுவது

குற்ற நீக்கத்தை ஆதரிப்போர் நடைமுறை அனுபவத்திலிருந்து பேசுகின்றனர். கல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992-இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானாவின் தலைமையில் நோய்த் தடுப்புத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அத்தொழிலில் உள்ள பெண்களே பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று மற்றப் பெண்களுக்குச் சுகாதார அறிவை ஊட்டினர். 1995-இல் அவர்கள் 'துர்பார்' என்ற சங்கத்தை அமைத்தனர். அதே காலத்தில் 'உஷா' என்ற கூட்டுறவுச் சங்கமும் தோன்றியது. கந்துவட்டிக்காரரிடம் சிக்கியிருந்த பெண்களுக்குச் சேமிப்பும் குறைந்த வட்டிக் கடனும் கிடைத்தன. சோனாகாச்சியில் எச்.ஐ.வி. பரவல் 1990-களில் மும்பையைக் காட்டிலும் மிகக் குறைவாகவே இருந்தது. புதிதாக வரும் பெண்களின் வயதையும் விருப்பத்தையும் விசாரித்து, சிறுமியரையும் வற்புறுத்தி அழைத்து வரப்பட்டோரையும் திருப்பி அனுப்பும் குழுக்களையும் சங்கம் அமைத்தது.

கடத்தலைத் தடுக்கக் காவல்துறைக்கு உற்ற துணை யார் என்ற வினாவை இந்த அனுபவம் எழுப்புகிறது. பூட்டிய அறையில் யார் இருக்கிறார் என்பதை முதலில் அறிபவர் அடுத்த அறையில் இருக்கும் பெண்ணே. தகவல் கூறினால் தானே கைதாவோம் என்ற நிலையில் அவர் வாய் திறக்க மாட்டார்.

வெளியேற்றுவதன் விளைவுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. கோவாவின் வாஸ்கோ நகரை அடுத்த பைனா கடற்கரையில் இருந்த குடியிருப்புகள், உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2004 ஜூன் மாதத்தில் இடித்துத் தள்ளப்பட்டன. அங்கு வாழ்ந்த பெண்கள் பல இடங்களுக்குச் சிதறினர். ஓரிடத்தில் கூடியிருந்தபோது அவர்களைச் சென்றடைந்த சுகாதாரப் பணியாளர்கள், சிதறியபின் அவர்களைத் தேட வேண்டியதாயிற்று. தொழில் ஒழியவில்லை, இடம் மாறியது.

உச்ச நீதிமன்றத்தின் ஆணைகள்

1999-இல் கல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டார். குற்றவாளியின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2011 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. அத்துடன் நில்லாமல், இத்தொழிலில் உள்ளோரும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி கண்ணியத்தோடு வாழும் உரிமை உடையவர்கள் எனக் கூறி, அவர்களின் மறுவாழ்வு குறித்துத் தானே விசாரணை தொடங்கியது. புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கு என அறியப்படும் இவ்வழக்கில் மூத்த வழக்கறிஞர் பிரதீப் கோஷ் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. துர்பார் சங்கமும் உஷா கூட்டுறவுச் சங்கமும் அக்குழுவில் இடம்பெற்றன.

2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் வருவாய் இழந்து பசியில் வாடிய இப்பெண்களுக்கு, அடையாளச் சான்று கேட்காமல் உணவுப் பொருள் வழங்குமாறு இதே வழக்கில் மாநிலங்களுக்கு ஆணை பிறந்தது. 2021 டிசம்பரில் ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் வழங்குமாறு பணிக்கப்பட்டது.

2022 மே 19 அன்று நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு பிறப்பித்த ஆணை மிக முக்கியமானது. பாலியல் வன்முறைக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு ஏனைய பெண்களுக்குரிய மருத்துவ உதவி அனைத்தும் கிடைக்க வேண்டும். பாதுகாப்பு இல்லங்களில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டுள்ள வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வழி செய்ய வேண்டும். காவல்துறையினர் கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும். ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. சோதனையின்போது பெண்களின் அடையாளத்தைப் பத்திரிகைகள் வெளியிடலாகாது. முகவரிச் சான்று கேட்காமல் ஆதார் அட்டை வழங்க வேண்டும் என்பன அதன் சாரம்.

இவ்வாணை வெளிவந்ததும், பாலியல் தொழில் சட்டபூர்வமாகிவிட்டது என்ற செய்தி நாடெங்கும் பரவியது. அது சரியன்று. வயது வந்தவர் விருப்பத்தோடு ஈடுபட்டிருந்தால் காவல்துறை தலையிடலாகாது, விடுதிச் சோதனையின்போது பெண்களைக் கைது செய்யலாகாது என்ற பரிந்துரைகளைக் குறித்து மத்திய அரசு தன் மாற்றுக் கருத்தைத் தெரிவித்திருந்தது. ஆகவே உடனடியாகச் செயல்படுத்துமாறு ஆணையிடப்பட்டவற்றில் அவை சேரவில்லை. உரிய சட்டம் இயற்றப்படும் வரையில் இடைக்கால ஏற்பாடாகவே இவ்வாணைகள் தரப்பட்டன. நீதிமன்றம் கதவைத் திறந்து வைத்தது. உள்ளே செல்லும் பொறுப்பு சட்டமன்றங்களுடையது.

மாநிலங்களால் இயல்வது என்ன?

ஆஸ்திரேலியாவில் இது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நியூ சவுத் வேல்ஸ் 1995-இலும், வடபுல ஆட்சிப் பகுதி 2019-இலும், விக்டோரியா 2022-இலும், குயின்ஸ்லாந்து 2024-இலும் குற்ற நீக்கச் சட்டங்களை நிறைவேற்றின. தென் ஆஸ்திரேலியாவில் 2019-இல் அத்தகைய மசோதா தோல்வியுற்றது. ஒரே நாட்டுக்குள் மாநிலங்கள் வெவ்வேறு வழியில் சென்று ஒன்றின் அனுபவத்தை மற்றொன்று கற்க முடிகிறது.

இந்தியாவின் நிலை வேறு. குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் உள்ளது. எனினும், 23-ஆம் பிரிவு தடைசெய்யும் மனித வாணிபத்துக்குத் தண்டனை விதிக்கும் அதிகாரத்தை 35-ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கே உரியதாக்கியுள்ளது. நாட்டின் சர்வதேச உடன்படிக்கையை நிறைவேற்ற எழுந்த மத்தியச் சட்டமும் நடைமுறையில் உள்ளது. ஆகவே மத்தியச் சட்டத்தின் அடிப்படையை மாற்றும் பொறுப்பு நாடாளுமன்றத்தையே சாரும்.

ஆனால் சட்டம் பெண்ணின் வாசலை எட்டுவது மாநில அரசின் கை வழியாகவே. காவல்துறையும், பொது ஒழுங்கும், பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. சிறப்புக் காவல் அதிகாரியை நியமிப்பதும், பாதுகாப்பு இல்லங்களை நடத்துவதும், விதிகள் வகுப்பதும் மாநில அரசே. எட்டாம் பிரிவைக் கையில் எடுப்பதா, ஐந்தாம், ஆறாம் பிரிவுகளில் முனைவதா என்பதைப் பெருமளவில் மாநிலக் காவல்துறையே முடிவு செய்கிறது. தெருவில் நிற்கும் பெண்ணைப் பிடித்து அபராதம் கட்டச் செய்வது எளிது. ஊர் விட்டு ஊர் கடத்தும் கூட்டத்தைப் பின்தொடர்ந்து நீதிமன்றத்தில் நிறுத்துவது கடினம். வழக்குகளின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிடும் நிர்வாகம் எளிய வழியையே நாடும். மதிப்பீட்டு முறையை மாற்ற ஒரு மாநிலத்துக்குப் புதிய சட்டம் தேவையில்லை.

பாதுகாப்பு இல்லங்களின் நிலையும் அவ்வாறே. 2020 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த மூன்று பெண்களை விடுவித்தது. இச்சட்டத்தின் கீழ் தொழில் குற்றமன்று என்றும், வயது வந்த பெண் தம் வாழ்வைத் தாமே தேர்ந்துகொள்ள உரிமை உடையவர் என்றும் அது கூறியது. வெளியேற விரும்பும் பெண்ணுக்குத் தொழிற்பயிற்சியும், தங்குமிடமும், குழந்தைக்குக் கல்வியும் கிடைக்குமாயின் பூட்டு தேவைப்படாது. அவை கிடைக்காத இல்லத்தில் பூட்டு மட்டுமே மிஞ்சும்.

ஒத்த கருத்தின் எல்லை

2006 மே மாதத்தில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா எட்டாம் பிரிவையும் 20-ஆம் பிரிவையும் நீக்க முன்வந்தது. குழந்தை என்பதற்குரிய வயதை 16-இலிருந்து 18-ஆக உயர்த்தவும் அது வழி செய்தது. அதே வேளையில், கடத்தப்பட்டோரை நாடி விடுதிக்கு வருவோரைத் தண்டிக்கும் புதிய பிரிவையும் சேர்த்தது. இப்புதிய பிரிவைச் சுற்றியே கருத்து வேறுபாடு மூண்டது. வாடிக்கையாளருக்குத் தண்டனை என்றால் தொழில் மேலும் இருளுக்குள் தள்ளப்படும் என்று ஒரு சாரார் எதிர்த்தனர். தேவையைக் குறைக்காமல் கடத்தலைக் குறைக்க இயலாது என்று மறுசாரார் வாதிட்டனர். 2009-இல் மக்களவை கலைந்ததும் மசோதா காலாவதியானது. எவரும் பெரிதாக எதிர்க்காத எட்டாம், 20-ஆம் பிரிவுகளின் நீக்கமும் அதனோடு மறைந்தது.

இதிலிருந்து ஒரு பாடம் பெறலாம். விடுதியை என்ன செய்வது, வாடிக்கையாளரைத் தண்டிப்பதா, இத்தொழிலை உழைப்பு என ஏற்பதா என்பவை பற்றிச் சமுதாயம் இன்னும் நெடுநாள் விவாதிக்கும். விவாதிக்கவும் வேண்டும். ஆனால் அவ்விவாதம் முடியும் வரை, இரு தரப்பும் உடன்படும் பகுதியைக் காத்திருக்க வைப்பதில் நியாயமில்லை. ஆள் அழைத்ததற்காகப் பெண்ணைத் தண்டிக்கும் பிரிவும், வாழுமிடத்தைவிட்டு அவரை வெளியேற்றும் பிரிவும், இரண்டு முதல் ஐந்து ஆண்டு அடைத்து வைக்கும் பிரிவும் கடத்தல்காரர் எவரையும் தொடுவதில்லை. அவற்றை நீக்குவதால் மனித வாணிபத் தடைக்கு யாதொரு குறையும் நேராது. முதிய தாயையும் வளர்ந்த பிள்ளைகளையும் நான்காம் பிரிவின் வலையிலிருந்து விடுவித்து, சுரண்டும் தரகரை மட்டும் அதில் நிறுத்துமாறு வாசகத்தைத் திருத்துவதும் கடினமன்று.

கடத்தலையும் அடிமைத்தனத்தையும் தண்டிக்க நாட்டில் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2013-இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டப் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. சிறாரைக் காக்க 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் உள்ளது. இவற்றின் முழு வலிமையும் குற்றவாளிகள்மீது திரும்ப வேண்டுமானால், காவல்துறையின் நேரமும் நீதிமன்றத்தின் நேரமும் பெண்ணைத் துரத்துவதில் செலவாகக் கூடாது.

எந்த நலத்திட்டமும் அதற்குரியவர் அச்சமின்றி முன்வந்தாலன்றிப் பயன் தராது. மருத்துவமனைக்குச் செல்லும் பெண்ணும், வங்கியில் கணக்குத் தொடங்கும் பெண்ணும், மகளைப் பள்ளியில் சேர்க்க வரும் தாயும் தம் தொழில் வெளிப்பட்டால் கைதாகலாம் என்று அஞ்சி நிற்கும்வரை, வளர்ச்சியின் பயன் அவர்களுடைய தெருமுனையிலேயே நின்றுவிடும். அந்த அச்சத்தைப் போக்குவதே சட்டத் திருத்தத்தின் முதற்படியாக அமைய வேண்டும்.